முப்பத்திரண்டைக் கழித்த பிறகு

"அவன் சரியில்லை" என்றாள் தோருன், போனில்.
அடுப்பையா ஆளையா என்று நான் கேட்கவில்லை.
இருபது வருடமாய் இந்த வேலை.
பாதி வீடுகளில் இரண்டும்தான்.

வின்னிபெக், ஜனவரி.
அழைப்பு மணிக்குக் கையுறை கழற்றுவதே வீரம்.
ஊரைவிட்டுப் போன ஜெர்மன் குடும்பம்
கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்ட அடுப்பு.
குமிழில் செல்சியஸ்.
பக்கத்தில் எழுத்தில்லாச் சித்திரங்கள்:
மேலே கோடு, கீழே கோடு,
வட்டத்துக்குள் ஒரு விசிறி.

தோருனுக்குக் கேக் என்றால் முந்நூற்று ஐம்பது.
பாரன்ஹீட் என்றுகூடச் சொல்ல மாட்டாள்,
வேறென்ன இருக்கிறது உலகத்தில்?
ஸ்லைகோவிலிருந்து வந்த கொல்முக்குக்
கேக் என்றால் நாலு.
வெறும் நாலு.
கேஸ் குமிழில் தேய்ந்து தேய்ந்து
அரைகுறையாய்த் தெரியும் நாலு.

அலமாரிக் கதவில் ஒரு தாள்.
முந்நூற்று ஐம்பதில் முப்பத்திரண்டைக் கழித்து
ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்து
நூற்று எழுபத்தேழு, நீல மையில் அவள்.
அதை அடித்துவிட்டு
நூற்று எண்பது, கறுப்பு மையில் அவன்.
கீழே, விசிறி ஓடினால் இருபது குறை,
நூற்று அறுபது,
சுற்றிலும் மூன்று வட்டம், தாள் கிழியுமளவு.
கடைசி வரியில் கணக்கில்லை:
"உனக்கு மாற்றத்தான் தெரியும், மாறத் தெரியாது."
எந்த மை என்று நான் பார்க்கவில்லை.

குப்பைக்கூடையில் விநார்தெர்த்தாவின் ஐந்து அடுக்குகள்,
ஐஸ்லாந்துக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த கேக்,
ஓரம் கரி, நடு பச்சை மாவு.
உலர்பிளம் விழுது கிண்ணத்தில் காத்திருந்தது,
யார் ஜெயித்தாலும் சரியென்று.

என் வெப்பமானியை நடுத்தட்டில் வைத்துக்
குமிழை நூற்று எண்பதுக்குத் திருப்பினேன்.
இருபது நிமிடம்.
விசிறி மட்டும் பேசியது.
நூற்று அறுபத்து மூன்று என்றது முள்.
ஏறி, நூற்று எண்பத்தெட்டு.
திரும்ப இறக்கம்.
"எந்த அடுப்பும் சொன்ன சொல்லில் நிற்காது" என்றேன்,
"அக்கம்பக்கமாய் மூச்சு விடும்.
இடது பின்மூலையில் கொஞ்சம் கோபம் அதிகம், அவ்வளவுதான்."
இருவரும் அடுப்பையே பார்த்தார்கள்,
என்னையோ ஒருவரையொருவரையோ பார்க்காமல்.

பெட்டியை மூடும்போது கொல்ம்
தன் போனைப் பார்த்து, "வெளியே மைனஸ் நாற்பது."
தோருன் ஜன்னலுக்குப் போனாள்.
சட்டத்தில் அறைந்த பழைய கண்ணாடிக்குழாய்,
பாரன்ஹீட் மட்டுமே அறிந்தது.
"மைனஸ் நாற்பது" என்றாள்.
"ஒன்று பொய்" என்றான் அவன்.
"பொய்யில்லை" என்றேன்.
"இரண்டு அளவும் ஒத்துப்போகும் இடம்
அது ஒன்றுதான்.
அங்கே யாரும் கேக் சுட முடியாது."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.
தோருன் ஏதோ கேட்க வாயெடுத்து
விட்டுவிட்டாள்.

என் வண்டி கிளம்பவில்லை.
எஞ்சினைச் சூடாக்க அவர்கள் வீட்டிலிருந்தே
நீள ஒயர் இழுத்துச் செருகிவிட்டு
சமையலறையிலேயே உட்கார்ந்தேன், பூட்ஸில் பனி உருக.
கொல்ம் மாவைத் தேய்த்தான், ஒரு முனை தடிமனாய்.
அவள் எதுவும் சொல்லாமல் அந்த முனையை
இடது பின்மூலைக்குத் திருப்பி உள்ளே வைத்தாள்.
குமிழை யார் திருப்பினார்களோ.
இந்தமுறை எட்டிப் பார்த்தேன்:
நூற்று எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்,
எண்ணே அச்சடிக்காத இடம்.

ரசீது எழுதினேன்.
பழுது: இல்லை. வருகைக் கட்டணம் மட்டும்.
முதல் அடுக்கு கொஞ்சம் கருகித்தான் வந்தது.
கருகிய துண்டை எனக்குத் தந்தார்கள்.